மூச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு

மும்பை லோக்கலில் தூங்குகிறவனை யாரும் நோயாளி என்று நினைக்க மாட்டார்கள். டோம்பிவிலியில் ஏறி உட்கார இடம் கிடைத்துவிட்டால், தாணே வருவதற்குள் பாதிப் பெட்டி தூங்கிவிடும். அதில் நானும் ஒருவன். மேலே கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கியிருக்கிறேன். இரண்டு முறை சி.எஸ்.எம்.டி.யில் இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வந்திருக்கிறேன். வங்கி வேலை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, களைப்பு இருக்காதா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமாதானம் 2022 டிசம்பரில் மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் முடிவுக்கு வந்தது. லோனாவ்லா தாண்டி நேரான ரோடு. காலை பதினோரு மணி, நல்ல வெயில். நான் ஓட்டுகிறேன், பக்கத்தில் தங்கமணி, பின்சீட்டில் பையனும் பெண்ணும். அடுத்து எனக்குத் தெரிந்தது தங்கமணியின் அலறலும் ஸ்டியரிங் மேல் இருந்த அவள் கையும்தான். வண்டி லேன் மாறிப் போயிருந்தது. அந்த நேரம் பக்கத்து லேனில் லாரி எதுவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓரமாக நிறுத்தினேன். பிள்ளைகள் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து தங்கமணி சொன்னாள்: “ராத்திரியில உங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வருதுங்க. நாலு வருஷமா சொல்றேன். நீங்க சிரிக்கிறீங்க.”

உண்மைதான். சிரித்திருக்கிறேன்.

ஓர் இரவு உடம்பெல்லாம் வயர் ஒட்டிப் படுக்க வைத்து ஸ்லீப் டெஸ்ட் எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ஏ.ஹெச்.ஐ. 41 என்று இருந்தது. தூக்கத்தில் மணிக்குச் சராசரி 41 முறை மூச்சு முழுதாகவோ பாதியாகவோ தடைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி. இந்த எண் 5க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஒரு கட்டத்தில் 76 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கொரோனா காலத்தில் விரலில் மாட்டிப் பார்த்த கருவி 94க்குக் கீழே காட்டினாலே ஆஸ்பத்திரிக்கு ஓடினோமே, ஞாபகம் இருக்கிறதா? நான் தினமும் ராத்திரி அதற்கும் கீழே போய்விட்டு, காலையில் எழுந்து பல் தேய்த்து ஆபீஸ் போயிருக்கிறேன்.

நோயின் பெயர் ஸ்லீப் ஆப்னியா. வைத்தியம், சிபாப் மெஷின். சின்னப் பெட்டி, நீளக் குழாய், மூக்கில் மாட்டும் மாஸ்க். என் பெண் பார்த்துவிட்டு, “அப்பா, நீங்க கண்பதி பாப்பா மாதிரி இருக்கீங்க” என்றாள் :-) எதிர் ஃபிளாட் காக்கா, எனக்கு ஆக்ஸிஜன் வைத்திருப்பதாக சொசைட்டி முழுக்கச் சொல்லி வைத்தார். (அது ஆக்ஸிஜன் இல்லை. அறையில் இருக்கும் அதே காற்றை அழுத்தத்தோடு அனுப்புகிறது, அவ்வளவுதான்.)

மூன்றே வாரத்தில் எனக்கு வெறுத்துவிட்டது. மூக்கின் மேல் தழும்பு, வாயில் வறட்சி, திரும்பிப் படுத்தால் குழாய் இழுக்கிறது. டாக்டரிடம் போய், “இதுக்கு வேற மாற்று வழியே இல்லையா?” என்று கேட்டேன். அவர் மராட்டிக்காரர், அதிகம் பேசாதவர். “இந்த மெஷினே ஒரு மாற்று வழிதான். எதற்கு மாற்றாக வந்தது என்று படித்துப் பாருங்கள்” என்றார்.

படித்தேன். படித்ததையும் பட்டதையும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. நான் டாக்டர் இல்லை, பி.காம். எனக்குத் தெரிந்த மருத்துவம் குரோசினோடு முடிந்துவிடும். ஆனால் பழைய கணக்கை எடுத்துப் பார்க்கிற பழக்கம் இருபது வருடமாக உண்டு.

சிரிப்பில் தொடங்கிய சரித்திரம்

சார்லஸ் டிக்கன்ஸ் 1836-37இல் மாதத் தவணைகளாக எழுதிய ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலில் ஜோ என்று ஒரு வேலைக்காரப் பையன் வருகிறான். நல்ல குண்டு. சாப்பிடுவான், தூங்குவான். சாப்பாடு பரிமாற நிற்கும்போதே குறட்டை விடுவான். படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிக்கன்ஸ் கண்ணில் கண்டதை அப்படியே எழுதியிருக்கிறார். அது ஒரு நோயின் படம் என்று மருத்துவர்கள் புரிந்துகொள்ள நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

அவர்களுக்கு ஜோ என்றால் நமக்குக் கும்பகர்ணன். எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் அப்பாவுக்கு. விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கெழுதினார். அவர் குறட்டை தெருமுனை வரை கேட்கும். மத்தியானத்தில் பேரேட்டின் முன் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவார். கையில் பேனா இருக்கும். அது தாளில் கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்துக்கொண்டே போகும். முதலாளி அந்தக் கோட்டைக் காட்டிச் சிரிப்பார். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். 59 வயதில் ஒரு விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். “குடுத்து வச்ச மனுசன், நல்ல சாவு” என்று ஊரே சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சீட்டாட்டத்தில் தூங்கியவர்

1956இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பர்வெல் என்ற மருத்துவரும் அவரது சகாக்களும் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய தொழில் நிர்வாகி, மிகப் பருமனானவர். போக்கர் ஆடும்போது அவர் கைக்கு மூன்று ஏஸ், இரண்டு ராஜா வந்து சேர்ந்தன. அந்த ஆட்டத்தில் அது அபூர்வமான கை. மனிதர் சீட்டைக் கையில் வைத்தபடியே தூங்கிவிட்டார். வந்த லட்சுமி போய்விட்டாள். சில நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். டிக்கன்ஸின் ஜோவை நினைவில் வைத்து, மருத்துவர்கள் அந்த நிலைக்கு ‘பிக்விக்கியன் சிண்ட்ரோம்’ என்று பெயர் கொடுத்தார்கள்.

பருமன் காரணமாக மூச்சு மந்தமாகிறது, ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது, அதனால்தான் பகல் தூக்கம் என்பது அவர்கள் முடிவு. பாதி சரி. ஆளைப் பகலில் பரிசோதித்தார்கள், ராத்திரியில் தூங்கும்போது யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை.

அதை 1965இல் இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் செய்தன. பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோ, தசினாரி, துரோன். ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் யுங், குலோ. தூங்குகிறவரின் மூளை அலைகளையும் மூச்சையும் ராத்திரி முழுக்கப் பதிவு செய்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. நெஞ்சு மூச்சிழுக்க முயல்கிறது, காற்று உள்ளே போகவில்லை. அடைப்பு நுரையீரலில் இல்லை, தொண்டையில் இருக்கிறது.

நடப்பது இதுதான். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கு பின்னால் சரிகிறது. சிலருக்கு வழி ஏற்கெனவே குறுகலாக இருக்கும். கழுத்தில் சேர்ந்த கொழுப்பு, சின்னத் தாடை, பெரிய டான்சில், பரம்பரை என்று காரணம் பலவாக இருக்கலாம். வழி குறுகும்போது வருவது குறட்டை. முழுதாக மூடிக்கொண்டால் அமைதி. அந்த அமைதிதான் ஆபத்து. ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை உசுப்பிவிடுகிறது, ஒரு திணறலோடு மூச்சு வருகிறது, மறுபடி தூக்கம். இந்த விழிப்பு சில விநாடிதான் என்பதால் காலையில் எதுவும் நினைவிருக்காது. எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூங்காதவனாகவே எழுந்திருக்கிறோம்.

இந்த நோயின் வில்லங்கமே இதில்தான் இருக்கிறது. தூங்குகிறவன் தன் வழக்கில் சாட்சி சொல்ல முடியாது. பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சாட்சி. அந்தச் சாட்சி சொன்னதை நான் நாலு வருடம் தள்ளுபடி செய்திருந்தேன்.

தொண்டையில் ஒரு துளை

அடைப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. வைத்தியம்? 1969இல் குலோவும் சகாக்களும் செய்தது டிரக்கியாஸ்டமி. குரல்வளைக்குக் கீழே கழுத்தில் ஒரு துளை போட்டு, குழாய் பொருத்திவிடுவது. பகலில் மூடிக்கொண்டு பேசலாம், ராத்திரி திறந்து வைத்து அதன் வழியே மூச்சுவிடலாம். அடைப்பைச் சுற்றிக்கொண்டு போகும் பைபாஸ் ரோடு மாதிரி. பலன் பிரமாதம். பகல் தூக்கம் போனது. ஆனால் ஆயுள் முழுக்கக் கழுத்தில் துளை. தினமும் சுத்தம் செய்ய வேண்டும், நீச்சல் கூடாது, தொற்று வரலாம், நாலு பேர் பார்ப்பார்கள்.

1970களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டியன் கில்மினோவும் வில்லியம் டிமென்ட்டும் இந்த நோயை விரிவாக ஆராய்ந்தார்கள். 1976இல் அவர்கள் எழுதிய கட்டுரையோடு ‘ஸ்லீப் ஆப்னியா சிண்ட்ரோம்’ என்ற பெயர் நிலைபெற்றது. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும் வருவதில்லை என்பதும் தெளிவானது. ஆனால் நோய் கடுமையானவர்களுக்குக் கையில் இருந்த உறுதியான வைத்தியம் அப்போதும் அந்தத் துளைதான்.

டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. என் மூக்கின் மேல் இருந்த தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு கழுத்தையும்.

சிட்னியில் ஓர் இரவு

காலின் சல்லிவன் ஆஸ்திரேலிய மருத்துவர். கனடாவின் டொரான்டோவில் எலியட் ஃபிலிப்சனோடு சேர்ந்து, தூங்கும் நாய்களின் மூச்சை ஆராய்ந்தவர். அந்த வேலைக்கு நாயின் முகத்தில் காற்று கசியாமல் மாஸ்க் மாட்ட வேண்டியிருந்தது. ஊர் திரும்பிய பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. மூக்கு வழியாக லேசான அழுத்தத்தில் தொடர்ந்து காற்றை அனுப்பினால், அந்தக் காற்றே தொண்டைச் சுவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளாதா? பந்தல் விழாமல் முட்டுக் கொடுப்பது போல. முட்டு மட்டும் மரத்தில் இல்லாமல் காற்றில்.

1980 ஜூனில் சிட்னியில், தொண்டையில் துளை போட்டுக்கொள்ள மனமில்லாத ஒரு நோயாளி இதைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அழுத்தத்தைக் கூட்டினால் அடைப்பு மறைந்தது. குறைத்தால் திரும்பி வந்தது. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள், அதே பலன். 1981 ஏப்ரலில் ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு ‘லான்செட்’ இதழில் கட்டுரை வந்தது.

அடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக மெஷின் வேண்டும். வாக்குவம் கிளீனர் மோட்டாரை எடுத்து, உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும்படி மாற்றினார்கள். ஒவ்வொருவர் முகத்துக்கும் தனியாக அச்செடுத்து மாஸ்க் செய்தார்கள். தினமும் ராத்திரி அதைச் சிலிக்கோன் பசை போட்டு மூக்கில் ஒட்டிக்கொள்ள வேண்டும், காலையில் பிய்த்தெடுக்க வேண்டும். சத்தத்தைக் கேட்கவே வேண்டாம். அதையும் சகித்துக்கொண்டு வருடக்கணக்கில் பயன்படுத்தினார்கள். பகலில் விழித்திருக்க முடிந்தது, அதுதான் காரணம். 1985இல் அமெரிக்காவின் ரெஸ்பிரானிக்ஸ் நிறுவனம் இதைக் கடைச்சரக்காக்கியது. 1989இல் பீட்டர் ஃபாரல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம் பிறகு ரெஸ்மெட் ஆனது.

நம்ம ஊருக்கு வந்த கதை

1993இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் டெரி யங் குழுவினர் 30 முதல் 60 வயது வரையிலான 602 அரசு ஊழியர்களைத் தூங்க வைத்துப் பார்த்தார்கள். ஆண்களில் 24 சதவீதம் பேருக்கும் பெண்களில் 9 சதவீதம் பேருக்கும் மணிக்கு 5 தடவைக்கு மேல் மூச்சுத்தடை. அபூர்வ நோய் என்ற பேச்சு அதோடு போயிற்று.

நமக்கெல்லாம் வராது, அது வெள்ளைக்காரன் வியாதி என்று நினைத்தவர்களுக்குப் பதில் 2004இல் இதே மும்பையிலிருந்து வந்தது. ஹிந்துஜா மருத்துவமனையில் சரீர் உத்வாடியா குழுவினர், சாதாரண ஹெல்த் செக்கப்புக்கு வந்த 35 முதல் 65 வயது வரையிலான 658 ஆண்களிடம் ஆய்வைத் தொடங்கினார்கள். அவர்களில் 250 பேருக்கு வீட்டிலேயே ஸ்லீப் டெஸ்ட். கணக்குப் போட்டபோது 19.5 சதவீதம் பேருக்கு மூச்சுத்தடை. பகல் தூக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 சதவீதம். என் லோக்கல் பெட்டியில் தூங்குகிறவர்களை இப்போதெல்லாம் நான் வேறு கண்ணோடு பார்க்கிறேன்.

2022 பிப்ரவரியில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது, அவருக்கு ஸ்லீப் ஆப்னியா இருந்ததாக மருத்துவர் சொன்னது எல்லாச் சேனலிலும் வந்தது. எதிர் ஃபிளாட் காக்காவுக்கே அந்தப் பெயர் தெரியும். எனக்குத்தான் அப்போதும் உறைக்கவில்லை.

ஒளிந்திருந்த கடிகாரம்

இனி என் திருட்டுத்தனம்.

மெஷின் வாங்கிய மூன்றாவது மாதம், மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நாலு மணி நேரம் படுக்கையில் கிரிக்கெட் பார்ப்பேன். பிறகு கழற்றிவிட்டுத் தூங்குவேன். தினமும் நாலு மணி நேரம் ஓடினால் போதும், டாக்டர் ஒத்துக்கொள்வார் என்று கேள்விப்பட்டிருந்தேன். டார்கெட்டை மார்ச் 31க்குள் காட்டிவிடுகிற வங்கிப் புத்தி.

1993இல் அமெரிக்காவில் கிரிப்ஸ் என்பவரும் சகாக்களும், நோயாளிகளுக்குத் தெரியாமல் மெஷினுக்குள் பதிவுக் கருவியை வைத்து ஆய்வு செய்தார்கள். 35 பேர். தினமும் மாட்டுகிறோம் என்று 60 சதவீதம் பேர் சொன்னார்கள். நாலு மணி நேரமாவது, பத்தில் ஏழு நாளாவது ஒழுங்காக மாட்டியவர்கள் 46 சதவீதம்தான். அந்த ‘நாலு மணி நேரம்’ பிறகு இன்ஷூரன்ஸ்காரர்களின் விதியாகவே ஆகிவிட்டது. என்னைப் போன்றவர்களை நினைத்துத்தான் இன்றைய மெஷின்களில் மெமரி கார்டு இருக்கிறது. எப்போது மாட்டினான், எப்போது கழற்றினான், எவ்வளவு கசிந்தது, எத்தனை தடவை மூச்சு நின்றது, எல்லாம் அதில் பதிவாகும்.

டாக்டர் கார்டைப் போட்டுப் பார்த்தார். “தினமும் எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மாட்டியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் தூங்கினீர்களா?” என்று மட்டும் கேட்டார். கடன் கேட்டு வரும் பார்ட்டியின் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நான் கேட்கும் அதே குரல். தலையைக் குனிந்துகொண்டேன். யாரை ஏமாற்றினேன்? பின்சீட்டில் இருந்த இரண்டு பேரைத்தான்.

மாற்று வழிகள், வரிசையாக

சரி, மாற்றே இல்லையா? இருக்கிறது. சிபாப் பிறந்த நாளிலிருந்தே அதற்கு மாற்றுத் தேடுகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, மெஷின் ஒன்றும் அமிர்தம் இல்லை. 2016இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில் ஏழு நாடுகளைச் சேர்ந்த 2,717 பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதம் தொடர்பான நோயோ உண்டு. சிபாப் மாட்டியவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் மாட்டியது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தம் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு சிதையக்கூடும் என்று லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. ஆகவே மாற்றுத் தேடுவது நியாயம்தான்.

அறுவை சிகிச்சை: சிபாப் கட்டுரை வந்த அதே 1981இல், டெட்ராய்ட்டில் ஷிரோ ஃபுஜிதா உள்நாக்கையும் அண்ணத்தின் பின்பகுதியையும் வெட்டித் தைத்து வழியை அகலமாக்கும் முறையை எழுதினார். ஒரே நாளில் தீர்வு என்று பலர் ஓடினார்கள். 1996இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பலன் கிடைத்தவர்கள் சுமார் 41 சதவீதம். ஆளைத் தேர்ந்தெடுத்துச் செய்தால் பலன் உண்டு. குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணம், அவற்றை எடுப்பதுதான் முதல் வைத்தியம். உங்கள் குழந்தை தினமும் குறட்டை விட்டால் செல்லமாகச் சிரித்துவிட்டுப் போகாதீர்கள்.

பல் டாக்டரின் கருவி: கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்து வைத்தால் நாக்கும் கூடவே வரும், வழி திறக்கும். பிரான்சின் பியர் ரோபன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தாடை சிறுத்த குழந்தைகளுக்கு இந்த வழியில் கருவி செய்தவர். 1980களில் அந்த யோசனை ஸ்லீப் ஆப்னியாவுக்கு வந்தது. சிபாப் ஒத்துவராதவர்களுக்கு இதைத் தரலாம் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு 2015இல் வழிகாட்டியது. லேசான, நடுத்தர நோய்க்கு இது நல்ல துணை.

பக்கவாட்டில் படுப்பது: மல்லாக்கப் படுத்தால் நாக்கு பின்னால் விழும். சிலருக்கு மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுத்தடை இரட்டிப்பாகிறது என்று 1984இல் ரோசலிண்ட் கார்ட்ரைட் எழுதினார். பனியனின் முதுகில் டென்னிஸ் பந்தை வைத்துத் தைத்துக்கொள்வது பழைய உத்தி. தங்கமணி தைத்துக் கொடுத்தாள். முதல் நாள் ராத்திரி பந்து மேல் படுத்து நான் போட்ட சத்தத்தில் குறட்டையே பரவாயில்லை என்றாள்.

ஊதுவது: சிரிக்காதீர்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீளக் குழல் வாத்தியம் டிட்ஜெரிடூ. அதை ஊதினால் தொண்டைத் தசை வலுப்படுகிறதா என்று சுவிட்சர்லாந்தில் 25 பேரை வைத்து நாலு மாதம் பார்த்தார்கள். பகல் தூக்கமும் மூச்சுத்தடையும் குறைந்தன. 2006இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட அந்த ஆய்வுக்கு 2017இல் இக் நோபல் பரிசு, அதுவும் சமாதானத்துக்கு :-) 2009இல் பிரேசிலின் சாவ் பாலோவில் 31 பேரிடம் நாக்கு, தொண்டைப் பயிற்சிகளைச் சோதித்தார்கள். மூன்று மாதத்தில் மணிக்கு 22 தடவை இருந்தது 14க்கு வந்தது.

2025இல் நம் ஜெய்ப்பூரிலிருந்து ஓர் ஆய்வு: சங்கு ஊதுவது. 30 பேர், ஆறு மாதம். ஊதியவர்களுக்குப் பகல் தூக்கம் 34 சதவீதம் குறைந்தது, மூச்சுத்தடை மணிக்கு நாலைந்து குறைந்தது. உடனே ஒரு சங்கு வாங்கி வந்தேன். இந்தப் பக்கம் ஆரத்திக்குச் சங்கு ஊதுகிறார்கள், மங்களம். நம் ஊரில் சங்கு எப்போது ஊதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். “நீங்க சாகாம இருக்கறதுக்கு நீங்களே சங்கு ஊதிக்கப் போறீங்களா?” என்று கேட்டாள் தங்கமணி. ஊதினேன். எதிர் ஃபிளாட் காக்கா கைகூப்பி நின்றார். தொண்டைக்கு நல்ல பயிற்சிதான், ஆனால் மணிக்கு 41 இருக்கிறவனுக்கு நாலைந்து குறைவது கடலில் கரைத்த பெருங்காயம்.

நாக்கு நரம்புக்கு மின்தூண்டல்: மார்பில் பேஸ்மேக்கர் போன்ற கருவி. மூச்சிழுக்கும் நேரத்தில் நாக்கை முன்னால் தள்ளும் நரம்பைத் தூண்டும். 2014இல் வந்த ஆய்வில் 126 பேருக்குப் பொருத்தியபோது, நடுமதிப்பு 29.3ஆக இருந்த ஏ.ஹெச்.ஐ. ஒரு வருடத்தில் 9க்கு இறங்கியது. அமெரிக்கா அந்த வருடமே அனுமதி கொடுத்தது. செலவு நம் கைக்கு எட்டாது.

எடை: பருமனானவர்களுக்கு இதுதான் வேருக்குப் போகும் வழி. டிர்செபடைட் ஊசி மருந்தை 469 பேரிடம் சோதித்து 2024இல் வெளியிட்டார்கள். மணிக்குச் சுமார் 50 தடவை மூச்சுத்தடை இருந்தவர்களுக்கு ஒரு வருடத்தில் 25 முதல் 29 வரை குறைந்தது. பருமனோடு கூடிய ஸ்லீப் ஆப்னியாவுக்கு அமெரிக்காவில் 2024 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. இந்த நோய்க்கென்று அனுமதி பெற்ற முதல் மருந்து இதுதான். சர்க்கரை நோய்க்கும் உடல் பருமனுக்குமான மருந்தாக 2025 மார்ச்சில் இந்தியாவுக்கும் வந்தது. டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து.

என் ஐந்தொகை

இந்தச் சரித்திரத்தில் நான் கண்டது ஒன்று. ஒவ்வொரு மாற்றும் யாரோ சிலருக்குப் பொருந்தியிருக்கிறது, எதுவும் எல்லோருக்கும் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்துகிறதா என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். “இப்பல்லாம் நல்லா இருக்கு சார்” என்பது சாட்சியம் ஆகாது. அளந்து பார்க்க வேண்டும். அளந்து பார்க்காத மாற்று வழி, சரிபார்க்காத கணக்கு.

நான் செய்தது இது. மெஷினை ஒழுங்காக மாட்டத் தொடங்கினேன். மூக்கு மாஸ்க்கை மாற்றி, துவாரத்தில் மட்டும் பொருந்தும் சின்ன வகை வாங்கினேன், தழும்பு போயிற்று. காற்றில் ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டியைப் போட்டதும் வாய் வறட்சி போயிற்று. இந்த இரண்டையும் முதல் வாரமே கேட்டிருந்தால் இவ்வளவு வெறுத்திருக்க மாட்டேன். பகலில் தூக்கம் போனதால் நடக்கத் தெம்பு வந்தது. நடந்ததால் 92 கிலோ 83 ஆனது. அதற்குப் பிறகு மெஷின் இல்லாமல் மறுபடி டெஸ்ட்: 41 இருந்தது 24. பல் கருவியோடு இன்னொரு டெஸ்ட்: 14. மெஷினோடு 3க்கும் கீழே.

அதனால் வீட்டில் மெஷின். பிளக் பாயிண்டை நம்ப முடியாத ரயில் பயணத்தில் பல் கருவி. இது என் டாக்டர் என் எண்களைப் பார்த்து எனக்குச் சொன்னது. உங்கள் எண் வேறாக இருக்கும்.

விருதுநகரில் ஒரு ராத்திரி

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். ஹாலில் அண்ணனுக்குப் பக்கத்தில் எனக்குப் பாய். மெஷினைப் பார்த்து அண்ணன், “என்னடா தம்பி, மும்பை போயி மூச்சு விடவும் மெஷின் வாங்கிட்டியா?” என்று கேலி செய்தார்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. மெஷின் நின்றதில் விழித்துக்கொண்டேன். ஃபேனும் இல்லை, மெஷினும் இல்லை, தெருவே நிசப்தம். அண்ணனின் குறட்டை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

மொபைலை எடுத்து விநாடியைப் பார்த்தேன். பத்து. இருபது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவது மொபைல் வெளிச்சத்தில் தெரிகிறது, சத்தமே இல்லை. முப்பது. எழுப்பலாமா என்று கையை நீட்டினேன். முப்பத்து நாலாவது விநாடியில் ஒரு திணறலோடு மூச்சு வந்தது. புரண்டு படுத்துத் தூங்கினார். மறுபடி நின்றது.

தங்கமணி நாலு வருடம் எதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மண்டியில் அந்தப் பேனா இழுத்த கோடும் ஞாபகத்துக்கு வந்தது. கரண்ட் வந்த பிறகும் நான் மாஸ்க்கை மாட்டவில்லை. விடியும் வரை உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

காலையில் மதினியிடம் சொன்னேன். “அது எப்பவும் அப்படித்தான் தம்பி. நான் பயந்துபோயி உசுப்பி விடுவேன். சொன்னா அவருக்குக் கோவம் வரும்” என்றார். அண்ணனிடம் நான் எதுவும் விளக்கவில்லை. மொபைலில் பதிவு செய்திருந்த இரண்டு நிமிடத்தைப் போட்டுக் காட்டினேன். முதலில் சிரித்தார். குறட்டை நின்றதும் சிரிப்பை நிறுத்தினார். பதிவில் மூச்சு வரும்வரை அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிப்ரவரியில் மதுரையில் அவருக்கு ஸ்லீப் டெஸ்ட். நாள் வாங்கியாகிவிட்டது. நானும் லீவு போட்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் யாராவது குறட்டை விட்டால், காதை மூடிக்கொண்டு திரும்பிப் படுக்காமல் இரண்டு நிமிடம் கேளுங்கள். சத்தத்தை விட்டுவிடுங்கள், இடையில் வரும் அமைதியை எண்ணுங்கள். பத்து விநாடியைத் தாண்டினால் பதிவு செய்து, விடிந்ததும் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள்.